விலாவும் முதுகும் கூடுமிடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. சமயம் பேசுவோர் உண்டு. "இவ்வாண்டு நீங்கள் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்று செயலாளர் என்னைக் கேட்டபொழுது, "விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர் நகைத்து, "அதில் அரை மணி நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்றார். இருக்கிறது, ஐயா. எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவனுடைய கால்கள் இரண்டும் அந்த மூட்டருகே தோன்றிய ஒரு நோயால் போகவிருந்தன. நல்ல வேளையாகத் தப்பின. அந்த அளவுக்கு நோய் முற்றியதற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

நான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்து, பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக் காலம் கழிப்பவன். மருத்துவர்கள் சொல்லக் கேட்டதையும், பின்னர் நூல்களில் தேடிப் படித்ததையும் என் அறிவுக்கு எட்டியவரையில் சொல்கிறேன். குற்றம் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் என் கதை. 2022ஆம் ஆண்டு புரட்டாசியில் குடும்பத்தோடு அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறினோம். 3,550 படிகள். இளைய மகள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். அவளை இடத் தோளில் தூக்கிக்கொண்டு, வலக்கையில் பையைப் பிடித்துக்கொண்டு, காளிகோபுரம் வரையில் ஏறினேன். மறுநாள் காலையில் மூச்சை உள்ளே இழுத்தபொழுது, இடத் தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஆணி அறைந்தாற்போல ஒரு வலி. தும்மினால் உயிர் போயிற்று. வலி முதுகோடு நில்லாமல் விலாவைச் சுற்றிக்கொண்டு மார்புக்கு வந்தது. இடப்பக்கம் ஆனமையால் என் மனைவி அஞ்சிவிட்டாள். "வாயு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். சுக்குக் கஷாயம் வந்தது. அதைக் குடித்துவிட்டே மருத்துவமனைக்கு ஓடினோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், இருதயத்தில் பழுது ஒன்றும் இல்லை என்றார்கள்.

அங்கிருந்த வயது முதிர்ந்த மருத்துவர் ஒருவர் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, முதுகெலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் ஒவ்வொரு விலாவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நான் அலறினேன். "வலி இங்கேதான் இருக்கிறது, இருதயத்தில் இல்லை. விலா எலும்பு முதுகோடு சேரும் மூட்டு சுளுக்கிக்கொண்டது. பதினைந்து நாளில் சரியாகிவிடும்" என்று தெலுங்கிலே கூறினார். அவ்வாறே சரியாயிற்று. அன்றுதான் அப்படி ஒரு மூட்டு என் உடம்பில் இருப்பதை நான் அறிந்தேன். முழங்கால் மூட்டு தெரியும், தோள் மூட்டு தெரியும், இது தெரியாது.

மனிதனுக்கு விலா எலும்புகள் பக்கத்துக்கு 12, ஆக 24. அவற்றைத் தாங்குவதற்கு நடுமுதுகில் 12 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவே மெத்தைபோல ஒரு வட்டு. விலா எலும்பின் பின்முனைக்குத் தலை என்று பெயர். தலையை அடுத்துக் கழுத்து. கழுத்து முடியும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு. இதில் வியப்பு யாதெனில், இந்தத் தலை ஒரே முள்ளெலும்பில் சென்று பொருந்துவதில்லை. தன் எண்ணுக்குரிய முள்ளெலும்பையும் அதற்கு மேலுள்ள முள்ளெலும்பையும் ஒருங்கே தொட்டுக்கொண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட வட்டுக்கு நேராக அமர்ந்திருக்கிறது. ஒன்பதாம் விலா எலும்பின் தலை எட்டாவது முள்ளெலும்பையும் ஒன்பதாவதையும் தொடும். இந்த ஒன்பதாம் விலாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். முதல் விலாவும், பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் மட்டும் ஒற்றை முள்ளெலும்போடு சேர்வன. பத்தாவது சிலருக்கு இப்படியும் சிலருக்கு அப்படியும் அமைவது உண்டு.

தண்டவாளம் இரண்டு சேருமிடத்தில் இரண்டையும் பற்றி ஃபிஷ்பிளேட் போட்டு போல்ட்டு முடுக்கியிருப்பதை நம் பிள்ளைகள்கூடப் பார்த்திருப்பார்கள். விலா எலும்பின் தலை ஏறக்குறைய அவ்விடத்தில் இருக்கிறது. ஆனால் ஃபிஷ்பிளேட் ஆடினால் ஆபத்து. விலா எலும்பு ஆடாவிட்டால் ஆபத்து.

தலை ஒரு மூட்டு. கழுத்துக்கு அப்பாலுள்ள புடைப்பு, முள்ளெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் முனையோடு சேர்வது மற்றொரு மூட்டு. கடைசி இரண்டு விலாக்களுக்கும் இந்த இரண்டாம் மூட்டு இல்லை. எனவே தலை மூட்டுகள் 24, புடைப்பு மூட்டுகள் 20, ஆக 44 மூட்டுகள் நம் முதுகின் நடுவே வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் முழங்கால் மூட்டைப் போலவே குருத்தெலும்பும், வழுவழுப்பான நீரும், சுற்றிலும் உறையும், இழுத்துப் பிடிக்கும் நார்களும் உடையது. அளவு சிறிதே அன்றி அமைப்பில் குறைவில்லை.

இவை எதற்காக? மூச்சுக்காக. விலா எலும்பு இந்த இரண்டு மூட்டுகளையும் அச்சாகக் கொண்டு சுழல்கிறது. மேலேயுள்ள விலாக்களுக்குப் பக்கமுனையில் இருக்கும் குழி சற்று ஆழமானது. ஆதலால் அவை தம் இடத்திலேயே உருண்டு, அடிபம்பின் கைப்பிடிபோல முன்புறம் எழும்புகின்றன. கீழேயுள்ளவற்றுக்கு அவ்விடம் தட்டையானது. அவை வழுக்கிச் சென்று, வாளியின் கைப்பிடியைத் தூக்கினாற்போலப் பக்கவாட்டில் விரிகின்றன. மார்பு விரிய, காற்று உள்ளே புகுகிறது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று கொண்டால் ஒரு நாளைக்கு 21,600 முறை. சித்தர் மரபிலும் நாளொன்றுக்கு 21,600 சுவாசம் என்றே கணக்கு. சிதம்பரத்துப் பொன்னம்பலத்தின் ஓடுகளையும் இவ்வெண்ணோடு சேர்த்துச் சொல்வார்கள். முழங்கால் நோவெடுத்தால் ஒரு நாள் பீசில் லீவு போட்டுப் படுத்திருக்கலாம். இம்மூட்டுகளுக்கு லீவு கிடையாது.

வலி ஏன் மார்புக்கு வந்தது என்பதற்கும் விடை உண்டு. ஒவ்வொரு விலாவுக்குக் கீழேயும் ஒரு நரம்பு முதுகிலிருந்து புறப்பட்டு மார்பின் முன்பக்கம்வரை சுற்றி வருகிறது. அன்றியும், உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் நரம்புச் சங்கிலி ஒன்று விலாத் தலைகளுக்கு முன்னாலேயே மேலும் கீழுமாக ஓடுகிறது. மூட்டு சுளுக்கினால் நெஞ்சு நோவதுபோலத் தோன்றுவதும், நெஞ்சில் பழுது இருந்தால் முதுகு நோவதும் இந்த அண்டைவீட்டு உறவினால்தான். ஆகவே, "முதுகுதானே" என்று யாரும் தாமாகவே தீர்மானித்துக்கொள்ள வேண்டாம். வியர்வையும் மூச்சுத்திணறலும் மார்பழுத்தமும் வந்தால் முதலில் இருதயத்தைத்தான் பார்க்க வேண்டும். அன்று எனக்கு எடுத்த இ.சி.ஜி. வீண் செலவன்று.

இனித் துன்பமான பகுதி. என் அக்காள் சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகனுக்கு அப்பொழுது பத்தொன்பது வயது. சித்தூர்ப் பக்கத்தில் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் பல உண்டென்பது உங்களுக்குத் தெரியும். தோத்தாபுரி மாம்பழம் வரும் பருவத்தில் ஆள் எடுப்பார்கள். 2023ஆம் ஆண்டு அவனும் பழக்கூடை தூக்கும் வேலைக்குப் போனான். ஆடி மாதத்தில் நடுமுதுகு வலிக்கிறது என்றான். கூடை தூக்கியதால் வந்த வலி என்று எல்லாரும் எண்ணினார்கள். அக்காள் எனக்குத் தொலைபேசியில், "தம்பி, இவனுக்கு முதுகு விட்டபாடில்லை" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, எனக்கும் அதே இடத்தில்தான் வந்தது. அது விலா மூட்டுப் பிடிப்பு. பதினைந்து நாளில் போய்விடும், பயப்படாதே" என்றேன். ஒரு மூட்டின் பெயரைத் தெரிந்துகொண்டதனால் எனக்கு ஏற்பட்ட மேதாவித்தனம் அது.

பதினைந்து நாள் ஆயிற்று. ஒரு மாதம் ஆயிற்று. எண்ணெய் தேய்த்து முதுகில் மிதித்தார்கள். மாலையில் உடம்பு சற்றே சுடும், காலையில் இராது. சாப்பாடு குறைந்தது, கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "வெயிலில் வேலை செய்த களைப்பு" என்றார்கள். ஓரிடத்தில் மார்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி வலிமாத்திரை கொடுத்தார்கள். அந்தச் சொல் எங்களுக்கு மிக்க ஆறுதலாக இருந்தது. நான்காம் மாதம் ஒருநாள் அவன் மாடிப்படியில் இடறி விழுந்தான். மறுநாளும் விழுந்தான். "மாமா, கால் என்னுடையது மாதிரி இல்லை" என்று என்னிடம் அவனே சொன்னான். அன்றுதான் எனக்கு உறைத்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதற்கு நோய் ஒன்றும் இல்லை என்று பொருள் அன்று. ராண்ட்கன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1895 நவம்பர் 8ஆம் நாள் கண்டறிந்த கதிர் அது. மனித உடம்பைக் கத்தியின்றிப் பார்க்க உலகுக்குக் கிடைத்த அரிய வழி. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது நிழல். பார்சல் ஆபீசில் பத்து ரசீதுகளை அடுக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழும், எது எந்த ரசீதில் உள்ளதென்று சொல்ல முடியாது. மார்பின் எக்ஸ்ரேயில் விலாத் தலையும், பக்கமுனையும், முள்ளெலும்பும், அவற்றுக்கு முன்னால் இருதயமும், பெரிய இரத்தக் குழாயும் ஒரே நிழலாக விழுகின்றன. இந்த மூட்டு அந்த நிழற்கூட்டத்தின் நடுவில் மறைந்துகொள்கிறது. அன்றியும், எலும்பின் சுண்ணச்சத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அந்த அரிப்புத் தெரியும் என்கிறார்கள். அதற்குள் மாதங்கள் கடந்துவிடும்.

அடுக்கிய ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்கும் கருவி 1971இல் வந்தது. அதுதான் சி.டி. ஸ்கேன். கதிர் அதே எக்ஸ்ரேதான். உடம்பைச் சுற்றிச் சுற்றிக் கதிரைச் செலுத்தி, கணிப்பொறியைக் கொண்டு கணக்கிட்டு, குறுக்கே அரிந்த துண்டுபோலப் படம் தருகிறது. வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கினால் உள்ளே விதை எங்கே இருக்கிறதென்று தெரிவதில்லையா? அப்படி. இதை அமைத்த ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பணிபுரிந்தது இ.எம்.ஐ. என்ற நிறுவனத்தில், இசைத்தட்டுக்குப் பெயர் போன அதே நிறுவனம். 1979இல் அவருக்கும் கார்மாக் என்பாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விலா மூட்டின் எலும்பு விளிம்பு அரித்திருக்கிறதா, முடிச்சு வளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதைக் காண இதைவிட நல்ல கண் இல்லை. கதிரின் அளவு சாதாரண எக்ஸ்ரேயைவிட மிக அதிகம் என்பதால் மருத்துவர் வேண்டுமென்று சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. வேறு வகையானது. அதில் கதிர் இல்லை. பெரிய காந்தமும் வானொலி அலையும் மட்டுமே. நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு என்ற இருவருக்கு இதன் பொருட்டு 2003இல் நோபல் பரிசு அளித்தார்கள். சி.டி. ரசீதின் எழுத்தைக் காட்டும் என்றால், எம்.ஆர்.ஐ. காகிதம் எங்கே நனைந்திருக்கிறது என்பதைக் காட்டும். எலும்பு அரிபடுவதற்கு முன்னரே அதன் மச்சையில் நீர் கோத்துவிடும். அந்த ஈரம் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். சீழ் தெரியும், வட்டு தெரியும், தண்டுவடம் தெரியும். நம் தண்டவாளத்தின் உட்பிளவைக் கேளா ஒலியால் சோதிக்கிறார்களே, அதை இங்கே செய்யலாகாதா என்று ஒரு மருத்துவரிடம் கேட்டேன். உடம்பில் எலும்பு அந்த ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, ஆதலால் மூட்டின் உள்ளே எட்டாது என்றார்.

பையனுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மருத்துவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி எனக்குக் காட்டினார். எட்டாவது முள்ளெலும்பும் ஒன்பதாவதும் மச்சை நனைந்து வெளுத்திருந்தன. நடுவே இருந்த வட்டு பாதி இல்லை. அவ்விரண்டின் இடையில் அமர்ந்திருக்க வேண்டிய ஒன்பதாம் விலாவின் தலை அரித்துப்போயிருந்தது. இருபுறமும் பலூன்போலச் சீழ். அது பின்னால் தள்ளித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. சி.டி.யின் துணையோடு ஊசி செலுத்திச் சிறிது எடுத்துச் சோதித்தார்கள். காசநோய்.

நம் முன்னோர் இந்நோய்க்கு என்புருக்கி என்று பெயர் வைத்தார்கள். உடம்பு இளைத்து எலும்பு தெரிவதைக் கண்டு வைத்த பெயராக இருக்கலாம். ஆயினும் எலும்பையே உருக்கும் என்பதும் மெய்தான். முதுகெலும்புக் காசத்தால் கூனும் கால்முடக்கமும் வருவதை லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் எழுதிவைத்தார். காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882இல் கண்டு சொன்னார். இடையில் நூறாண்டு, பின்னும் மருந்து கிடைக்க அறுபதாண்டு. அதுவரையில் மாவுக்கட்டில் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகப் படுத்துக் கிடப்பதே சிகிச்சை. சீழ் தண்டுவடத்தை நெருக்கினால், விலாவின் தலைப்பகுதியையும் அது சேரும் பக்கமுனையையும் வெட்டியெடுத்து, மார்புக்கூட்டைத் திறவாமல் முதுகுப்புறமாகவே சீழை வடிப்பார்கள். மேனார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையாண்ட வழி அது. நாம் யாருமே அறியாத இம்மூட்டு அவருக்கு முதுகுத்தண்டுக்குள் நுழையும் கதவாக இருந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. திருப்பதி–காட்பாடி வண்டியில் போகிறவர்களுக்குப் பாகாலா தெரியும். அங்கே பிரிந்து தர்மாவரம் செல்லும் பாதையில் மதனப்பள்ளி ரோடு என்று ஒரு நிலையம். அந்த மதனப்பள்ளிக்கு அருகே, அது சித்தூர் மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1910களில் கிறித்தவ மிஷன்கள் கூடி ஆரோக்கியவரம் என்ற காசநோய் சானடோரியத்தை நிறுவின. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஃப்ரிமாட் மோலர் அதன் தலைவராக நெடுங்காலம் இருந்தார். தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து, தமிழ்க் குடும்பங்களிலிருந்தும், நோயாளிகள் அங்கே சென்றார்கள். நல்ல காற்று, ஓய்வு, உணவு, இவைதாம் மருந்து. அக்காலத்துச் சானடோரியங்களில் நுரையீரலைச் சுருங்கச் செய்வதற்காக விலா எலும்புகளையே வெட்டியெடுப்பதும் உண்டு. ஒருபக்கம் சாய்ந்த தோளோடு வாழ்ந்த பெரியவர்களை நம் முந்திய தலைமுறையினர் பார்த்திருப்பார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. ஐசோநயாசிட் 1952இல் பயனுக்கு வந்தது. மருந்து வந்த பிறகும், சானடோரியத்தில் இடம் இல்லாத ஏழை என்ன செய்வான் என்ற கேள்வி நின்றது. அதற்கு விடை கண்ட ஊர் சென்னை. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றொரு சாராரை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளியான முடிவு உலகம் முழுவதிலும் சிகிச்சை முறையை மாற்றியது. அதே நிலையம் 1975 முதல் முதுகெலும்புக் காசத்திலும் சோதனை நடத்தியது. அறுவை செய்துகொண்டவர்களையும், மருந்தை மட்டும் உண்டு எழுந்து நடமாடியவர்களையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டது. மருந்து உண்டு நடமாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் நலம் பெற்றார்கள். மாவுக்கட்டிலும் படுக்கையிலும் கிடக்க வேண்டிய காலம் போயிற்று. சென்னைப் பட்டணத்துக் கூலித் தொழிலாளிகளை வைத்துக் கண்ட உண்மை அது. எங்கள் பையனைக் காத்ததும் அதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

மருத்துவர் எங்களிடம் ஒளிக்காமல் பேசினார். "மருந்து தொடங்குகிறோம். நாள்தோறும் கால்களின் வலுவைப் பார்ப்போம். குறைந்துகொண்டே போனால் அறுவை செய்தே தீரவேண்டும், இல்லையேல் மருந்தே போதும்" என்றார். பத்து நாள் நாங்கள் உறங்கவில்லை. காலையில் மருத்துவர் வந்து பாதத்தைத் தம் உள்ளங்கையில் வைத்து, "தள்ளு" என்பார். பையன் தள்ளுவான். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பதினோராம் நாள் அவர் கை சற்றே பின்னால் போயிற்று. அக்காள் அதைக் கண்டுவிட்டாள், நான் காணவில்லை.

மருந்து ஓராண்டு. அரசாங்கத் திட்டத்தில் இலவசமாகவே கிடைத்தது. ஊட்டத்துக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தார்கள். 2024 நவம்பர் முதல் 1,000 ஆக்கினார்கள். மருந்து உண்ணத் தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போக, இரத்தம் என்று வீட்டில் அலறினார்கள். அது ரிஃபாம்பிசின் என்ற மாத்திரையின் நிறம். இவை சிறிய தொல்லைகள். பெரிய தொல்லை வெளியே இருந்தது. தட்டைத் தனியே வைக்கச் சொன்னார்கள் உறவினர். "நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று அக்காள் இருளில் உட்கார்ந்து அழுதாள். நுரையீரலில் நோய் இருந்து இருமினால்தான் பிறருக்குத் தொற்றும். எலும்பில் மட்டும் இருந்தால் தொற்றாது. இவன் நுரையீரலைச் சோதித்துப் பழுதில்லை என்று மருத்துவரே சொன்ன பிறகும் தட்டு தனியாகத்தான் இருந்தது. கடைசியில் என் மனைவி சித்தூர் சென்று அந்தத் தட்டிலேயே சோறு போட்டு உண்டாள். அதன்பின் ஒருவரும் பேசவில்லை.

இளைஞர்களுக்கு இன்னொன்று. இந்த மூட்டைப் பற்றும் நோய் காசம் மட்டும் அன்று. சிலருக்கு இருபது முப்பது வயதில் முதுகெலும்பு மூட்டுகளில் வாதம் தொடங்கும். காலையில் எழும்போது முதுகு மரக்கட்டைபோல இறுகியிருக்கும். நடமாடினால் இளகும், படுத்தால் மிகும். ஆண்டுகள் செல்லச் செல்ல விலா மூட்டுகளும் இறுகி, மார்பு விரியாமல் போகும். தையற்காரர் நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்து மூச்சை முழுக்க விட்டும் முழுக்க இழுத்தும் அளந்தால், வேறுபாடு 2.5 சென்டிமீட்டர்கூட இல்லையென்றால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதற்கும் இப்பொழுது நல்ல மருந்துகள் இருக்கின்றன. முன்பெல்லாம் இதைக் கிழத்தனம் என்று விட்டுவிடுவார்கள்.

எல்லா முதுகுவலிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நூற்றில் பெரும்பாலானவை என்னுடைய வலியைப்போலத் தாமே போய்விடுபவை; அவற்றுக்குப் படம் எடுப்பது வீண் செலவு. எனக்கு வந்த வலியில் ஒரு நாள் இருந்தது: இன்ன நாளில், இன்ன படியில், இன்னது தூக்கினேன் என்று சொல்ல முடிந்தது. அசைந்தால் வலித்தது, அசையாதிருந்தால் குறைந்தது, நாளுக்கு நாள் தேய்ந்தது. அவன் வலிக்கு அப்படி ஒரு நாள் இல்லை. படுத்தாலும் இரவில் எழுப்பியது. வாரம் ஆக ஆக வளர்ந்தது. கூடவே காய்ச்சலும் இளைப்பும் வந்தன. இத்தனையும் அக்காள் தொலைபேசியில் சொன்னாள். நான் இடத்தை மட்டும் கேட்டேன், மற்றவற்றைக் கேட்கவில்லை. ஆறு வாரம் தாண்டிய முதுகுவலியை யாரும் மிதித்துப் போக்க முயல வேண்டாம். முதுகில் கூன்போல ஒரு முள்ளெலும்பு துருத்தினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பட்டாலோ ஆறு வாரம் அன்று, ஆறு மணி நேரமும் காத்திருக்கலாகாது. இன்று திருப்பதியில் ரூயா, சுவிம்ஸ், பர்டு என்று பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. சித்தூரிலிருந்து வேலூர் கூப்பிடு தூரம். இடம் இல்லாத குறை நமக்கு இல்லை.

அவன் கடைசி மாத்திரையை 2024ஆம் ஆண்டின் இறுதியில் விழுங்கினான். முதுகில் சிறு வளைவு தங்கிவிட்டது. சட்டை அணிந்தால் தெரியாது. கூடை தூக்கும் வேலைக்கு இனிப் போவதில்லை. இப்பொழுது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இன்று இப்பந்தலில் ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுத்தது அவன்தான்.

அவனுடைய இசைவைப் பெற்று, முதலில் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். நாடகம் முடிந்ததும் அலுவலக அறையின் சன்னலில் குழல்விளக்குக்கு நேரே மாட்டி வைக்கிறேன். விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம். எக்ஸ்ரேயில் எதையும் தேட வேண்டாம், தெரியாது. எம்.ஆர்.ஐ. தாளில் மேலிருந்து இரண்டாவது வரிசையில் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். ஒன்பதாம் விலாவின் தலை இருக்க வேண்டிய இடத்தை நான் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன்.